டி செல் வளர்க்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ரத்த ஸ்டெம் செல்லிலிருந்து டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வெள்ளையணு) உருவாக்க நீ வளர்க்கும் செல் உருண்டைகளில், மூன்றாம் வாரத்தில் சிடி4 நிறையத் தெரிகிறது, சிடி3 மட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். சிடி எண்கள் எல்லாம் செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்தானே, அவை வரிசையாகத்தான் வரும். பதறாதே. மனித டி செல் அந்த வழியாகத்தான் வரும். சிடி34 உள்ள முன்னோடி செல்லில் முதலில் சிடி7 ஏறும், பிறகு சிடி5, சிடி1ஏ. அதன்பின் சிடி4 தனியாக வரும், சிடி8 பின்னால் சேரும். டி செல் ஏற்பியோடு சிடி3 வெளியே நன்றாகத் தெரிவது அதற்கும் அப்புறம்தான். ஆனால் மோனோசைட் என்ற வேறு வெள்ளையணுவிலும் கொஞ்சம் சிடி4 உண்டு. அதனால் மோனோசைட்டைக் காட்டும் சிடி14, என்கே செல்லைக் காட்டும் சிடி56 உள்ளவற்றை முதலில் விலக்கு. சிடி5, சிடி7 இரண்டும் உள்ள செல்களுக்குள் மட்டும் சிடி4-ஐப் பார்.

மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலிருந்து வரும் முன்னோடி செல் ரத்தம் வழியே, மார்புக்குள் டி செல் முதிரும் உறுப்பான தைமஸுக்குப் போகிறது. அங்கே எபிதீலியல் செல்லில் உள்ள டிஎல்எல்4 என்ற புரதம் அதன் நாட்ச்1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் இல்லையென்றால் அதே முன்னோடி பி செல் பக்கம் போய்விடும். உன் தட்டில் அந்த வேலையை டிஎல்எல் ஜீன் ஏற்றிய எம்எஸ்5 என்ற துணைச் செல்கள்தான் செய்கின்றன. பாசேஜ் (பிரித்துப் பிரித்து மறுபடி வளர்க்கும் சுற்று) கூடக் கூட டிஎல்எல் குறையலாம். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் அது இருக்கிறதா என்று ஸ்டெய்ன் செய்து பார்த்துவிடு. ஆரம்பப் பாசேஜ் வயல்களை நிறைய உறையவைத்துக்கொள்.

ஒரு உருண்டைக்கு எம்எஸ்5 1.5 லட்சம், சிடி34 7,500 போதும். சுழற்றியபின் மேல்நீரை முழுக்க எடுத்து, 5 மைக்ரோலிட்டரில் கலக்கி, 0.4 மைக்ரான் சவ்வின் மேல் வை. நீர் மிஞ்சினால் சொட்டு தட்டையாகப் பரவிவிடும். முப்பரிமாணம் போனால், சிடி4-உம் சிடி8-உம் சேர்ந்திருக்கும் இரட்டைக் கட்டத்தைத் தாண்டிய முதிர்ச்சி சரியாக வராது. தட்டையாக வளர்ப்பதில் பலரும் முட்டி நிற்பது அங்கேதான். மீடியத்தை 3-4 நாளுக்கு ஒருமுறை மாற்று. அஸ்கார்பிக் அமிலத்தை அன்றன்றைக்குச் சேர். மீடியத்தில் சேர்க்கும் பி27 கலவை லாட்டுக்கு லாட் வேறுபடும்; சோதித்துத் தேறிய லாட்டை மொத்தமாக வாங்கி வை.

செல்களை வளரத் தூண்டும் ஐஎல்-7 புரதம் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமே இருக்கட்டும். கூட்டினால் எண்ணிக்கை பெருகும், செல்கள் ஆரம்பக் கட்டத்திலேயே தேங்கும். அதிக எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதே அம்மா. ஆறாம் வாரத்துக்கு முன் எந்த உருண்டையையும் தோல்வி என்று தூக்கிப் போடாதே.

இன்னொன்று. எம்எஸ்5 எலி செல். டி செல்லுக்குப் புரதத் துண்டுகளைக் காட்டும் மனித எச்எல்ஏ அதில் கிடையாது. எந்த டி செல் முதிரலாம் என்ற தேர்வு நடப்பது உருண்டைக்குள் இருக்கும் மனித ரத்த செல்களின் எச்எல்ஏ-வால்தான். அதனால் கடைசியில் சிடி8 கூடுதலாகவும் சிடி4 குறைவாகவும் கிடைக்கும். தைமஸின் உட்பகுதியில் உடல் உறுப்புகளின் புரதங்களைக் காட்டித் தன்னைத் தாக்கும் செல்களைக் களையவைக்கும் ஏஐஆர்இ ஜீனும் இந்த ஏற்பாட்டில் வேலை செய்யாது. அந்த ஜீன் பழுதாகப் பிறந்தவர்களுக்குப் பாராதைராய்டையும் அட்ரீனலையும் சொந்த டி செல்களே தாக்குகின்றன. ஆகவே தட்டில் வளர்ந்த செல்களைச் சுயத்தைத் தாக்காதவை என்று நம்பி அடுத்த சோதனைக்குக் கொண்டுபோகாதே. தனியாகச் சோதித்துப் பார்.

செல்களை அடையாளம் வாரியாக எண்ணும் அடுத்த ஃப்ளோ சோதனையில் சிடி56-ஐயும் சேர்த்துப் போட்டு, கேட் போட்டு (வேண்டிய செல்களைப் பிரித்துக் காட்டி) எடுத்த படங்களை அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா