வராதவர் எல்லாம் கருங்காலி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் வேலைநிறுத்தம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளின் படிப்பை நடுத்தெருவில் விடுகிறார்கள் என்று ஒரு தரப்பு திட்டுகிறது. போராட்ட நாளில் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டவர்களைக் கருங்காலி, துரோகி என்று இன்னொரு தரப்பு வசைபாடுகிறது.

முதல் தரப்புக்குப் பதில் சொல்வது எளிது. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். வகுப்பு ஒன்று, பாடம் ஒன்று, கேட்ட படிப்பும் ஒன்று. மனு மேல் மனு கொடுத்தும் தீராத இப்படிப்பட்ட குறைக்காக ஒருவர் தெருவுக்கு வந்தால் அதில் என்ன தவறு? எனக்கு வருத்தம் இரண்டாவது தரப்பின் மேல்தான். அவர்கள் நம்மவர்கள். தங்கள் சங்கத்தைத் தாங்களே அரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியருக்குச் சட்டத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. அரசு ஊழியர் ஆர்ப்பாட்டம் செய்யலாம், ஆனால் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று 1962ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988ல் சுந்தராம்பாள் வழக்கில், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று தீர்ப்பானது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆம் விதி வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது. 2003 ஜூலையில் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தது நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி 22ஆம் விதியை மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகுதான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட தலைமுறையில் பலர் அடுத்த போராட்டத்துக்குத் தயங்கியதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, பணம். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளி வேலை நாட்கள் 7. இடையில் வந்த குடியரசு தினத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால் 9. மொத்தச் சம்பளம் 50,000 ரூபாய் வாங்குபவருக்கு 31 நாள் மாதத்தில் ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய 1,613 ரூபாய். 7 நாள் பிடித்தால் 11,290. 9 நாள் பிடித்தால் 14,516. இது போனால் போகட்டும் என்று பலர் துணிவார்கள். ஆனால் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன், எல்ஐசி, வீட்டுக் கடன் தவணை எதுவும் அந்த மாதம் பாதியாகக் குறையாது. சம்பளத்தில் பாதி ஏற்கெனவே பிடித்தத்தில் போகிறவருக்குக் கையில் வரும் 25,000 ரூபாய் 13,710 அல்லது 10,484 ஆகச் சுருங்கிவிடும்.

பணத்தைவிடப் பெரிய அடி பின்னால் வருகிறது. ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கான பிரிவான 17(பி)யின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. ஓய்வு பெறும் நேரமென்றால் ஓய்வூதியப் பலன்கள் சிக்கிக்கொள்ளும். மறியலில் கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கம் தானாகவே வந்துவிடும், பிறகு சம்பளத்துக்குப் பதில் குறைந்த பிழைப்பூதியம்தான். 2019 வேலைநிறுத்த நாட்கள் பணிக்காலமாக முறைப்படுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது 2021ல். இடைப்பட்ட காலத்தை ஒவ்வொருவரும் தனியாகத்தான் சுமந்தார்கள். 'தோழரே, ஒன்றாக நிற்போம்' என்ற மேடைப் பேச்சு, குறிப்பாணைக்குப் பதில் எழுதும் இரவில் பக்கத்தில் இருப்பதில்லை.

எல்லோருக்கும் இந்த அபாயம் ஒரே அளவில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ இருக்கும் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியின் ஆசிரியர் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரே மேசையைச் சுற்றி அரசுச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஆசிரியர், தகுதிகாண் பருவம் முடியாதவர், நிர்வாகம் தன் கையிலிருந்து சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். முதலாமவரை நீக்க வேண்டுமென்றால் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கல்வித்துறையின் முன்அனுமதி வேண்டும். கடைசியில் இருப்பவருக்கு "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு போன் போதும். அரசுப் பள்ளிகளில் 2012ல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஓவிய, தையல், உடற்கல்வி ஆசிரியர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். மே மாதம் சம்பளமே கிடையாது என்ற நிலையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். இவர்களும் 'வரவில்லை' என்ற ஒரே பட்டியலில்தான் எழுதப்படுகிறார்கள்.

நான் கடுமையாகப் பேசுவது வேறொருவரைப் பற்றி. அவர் நிரந்தர ஆசிரியர், ஆயத்த மாநாட்டில் கை தட்டியவர், ஆனால் வேலைநிறுத்தம் தொடங்கும் நாளில் மருத்துவ விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். சங்கத்திடம் "நானும் பள்ளிக்குப் போகவில்லை" என்பார், அலுவலகத்திடம் "எனக்கு உடம்பு சரியில்லை" என்பார். இப்படிப் பத்துப் பேர் செய்வதால்தான் போராட்ட நாட்களில் விடுப்பே தரக்கூடாது, மருத்துவக் குழுவுக்கு அனுப்பு என்று சுற்றறிக்கை வருகிறது. உண்மையிலேயே டெங்குவில் படுத்தவரும் அலைக்கழிகிறார். "என்னால் முடியாது" என்று கிளைச் செயலாளரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போகிறவர் இவரைவிடப் பல மடங்கு நேர்மையானவர்.

தலைமையாசிரியரின் பாடு தனி. அவரும் ஒரு சங்கத்தில் உறுப்பினர். ஆனால் காலையில், எத்தனை பேர் வருகை, எத்தனை பேர் விடுப்பு, எத்தனை பேர் வேலைநிறுத்தம் என்று அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டியவரும் அவர்தான். அந்தக் கணக்கை அனுப்புவது காட்டிக்கொடுப்பது ஆகாது, அது அவர் வேலை. தவறு நடப்பது வருகைப் பதிவேட்டில். நண்பருக்கு உதவுவதாக நினைத்துப் பின்தேதியில் தற்செயல் விடுப்பு என்று எழுதினால், ஆண்டுக்குள்ள 12 நாளில் கழித்ததோடு முடியாது. தணிக்கையில் தடை விழும், சம்பளம் திரும்பப் பிடிக்கப்படும், எழுதியவருக்கும் குறிப்பாணை வரும். கோபத்தில் 'அனுமதியின்றி வராதவர்' என்று சிவப்பு மையில் எழுதினாலோ, அது பணிமுறிவு வரை இழுத்துக்கொண்டு போகும். 'வேலைநிறுத்தம்' என்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு, பணிப்பதிவேட்டில் எதுவும் ஏற்றாமல் அரசாணை வரும்வரை காத்திருப்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

சங்க விசுவாசம் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக. மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கம் உடைந்ததும் இங்கேதான். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி ஒதுக்கல், மாற்று வருமானம் இல்லாத வறுமை, தலைமையின் மேல் நம்பிக்கையின்மை என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றைக் கேட்டுத் தீர்ப்பதற்குப் பதில் பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்காத சங்கம் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் சான்று கிடையாது.

இன்னொரு வேறுபாட்டையும் நம் தலைவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆலை நின்றால் முதலாளிக்கு நாளுக்கு நாள் நட்டம். பள்ளி நின்றால் கருவூலத்துக்குச் சம்பளம் மிச்சம். அரசை அசைப்பது பெற்றோரின் குரலும் பொதுத்தேர்வுத் தேதியும் மட்டுமே. 2019ல் மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்கள் என்று அறிவித்து அரசு போராட்டத்தை உடைக்கப் பார்த்தபோது, பெற்றோர் நம் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் தாய்க்கு, பள்ளி திறந்திருப்பது என்றால் பிள்ளைக்குக் காலை உணவு, மதியம் முட்டையோடு சாப்பாடு, மாலை நான்கு மணி வரை ஒரு பாதுகாப்பான இடம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் எங்கும் இதே கதைதான். கதவு பூட்டியிருந்தால் அந்தத் தாய்க்கு அன்றைய கூலியும் போகும். நாம் கேட்கும் பழைய ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி அவரிடம் யார் போய்ப் பேசினோம்?

ஆகவே சங்கங்களுக்கு என் வேண்டுகோள்கள். வேலைநிறுத்த அறிவிப்புக்கு முன் பள்ளிதோறும் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள். மேடையில் இருப்பவர் பார்க்கும்போது தூக்கிய கை மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும். சீட்டில் எத்தனை நாள் என்றும் கேளுங்கள். காலவரையற்றது என்றால் ஐந்தாம் நாள் மறு வாக்கெடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி பள்ளியாக ஆட்கள் திரும்புவார்கள், கடைசிவரை நின்றவர் மட்டும் அடி வாங்குவார். தகுதிகாண் பருவத்தினர், பகுதிநேர, சுயநிதி ஆசிரியர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு வெளிப்படையாக விலக்கு கொடுங்கள். விலக்கு பெற்றவர்களைக் கொண்டு ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பாதுகாப்பும் நடக்கட்டும். அதனால் போராட்டத்தின் வேகம் குறையும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பெற்றோர் நம் பக்கம் வருவது அதனால்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பக்கத் துண்டறிக்கையாகக் கோரிக்கைகளை வைப்பதும், போராட்டம் முடிந்தபின் எந்தெந்தச் சனிக்கிழமைகளில் பாடத்தை ஈடுசெய்வோம் என்று தேதி போட்டுத் தருவதும் அறிவிப்புக்கு முன்பே நடக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதில் ஒரு நாளும் குறையாது என்று நாமே எழுதிக் கொடுப்போம்.

போராட்டத்துக்கு வர முடியாதவருக்கும் கடமை உண்டு. போராடுபவரின் வகுப்பை எடுக்கக் கூடாது. இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து, பாடம் நடந்ததாகப் பாடக்குறிப்பேட்டில் எழுதக் கூடாது. அலுவலகம் கேட்காத பெயர்களைத் தானாகப் போன் செய்து சொல்லக் கூடாது. நிரந்தரச் சம்பளம் வாங்குபவர் என்றால், போராட்ட நாட்களில் கிடைத்த ஊதியத்தில் ஒரு பங்கைச் சங்க நிதிக்குத் தர வேண்டும்.

அந்த நிதி இன்று எந்தக் கிளையிலாவது இருக்கிறதா? 400 உறுப்பினர் உள்ள கிளையில் மாதம் ஆளுக்கு 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் 24 பேருக்குத் தலா 10,000 ரூபாய் கொடுக்கலாம், அல்லது 17(பி) வழக்குகளுக்கு ஒரு நல்ல வழக்கறிஞரை வைக்கலாம். மாநாட்டுப் பந்தலுக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் வசூலிக்க முடிகிறவர்களால் இதையும் வசூலிக்க முடியும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு வெவ்வேறு சங்கத்தவரின் கூட்டுக் கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கிளைக் கூட்டத்தில் வாசிப்பது என்ற மூன்றையும் வரும் கல்வியாண்டின் முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று வடசென்னைக் கிளை நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81