‘சில நிமிட வேலை’ என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிப் பாதுகாப்பு பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘திருடுபோனால் பதற வேண்டியதில்லை, காவல் நிலையத்தில் ஒரு புகார், இணையத்தில் ஒரு பதிவு, சில நிமிட வேலை’ என்று ஒரு வரி இருந்தது. தங்கள் இதழை நெடுங்காலமாக வாசித்து வருகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த வரி என்னைப் புண்படுத்தியது.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் வாழும் தமிழர்கள். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பொள்ளாச்சி, கோவை என்று போவோம். ரேஷனும் வரியும் கேரளத்தில். என் மனைவியின் கைப்பேசி பேருந்து நெரிசலில் பறிபோனபோது, அது எல்லைக்கு எந்தப் பக்கம் நடந்தது என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. இறங்கிய ஊரில், ‘ஏறியது கேரளத்தில்தானே, அங்கே போய்க் கொடுங்கள்’ என்றார்கள். இங்கே வந்தால், ‘தொலைந்தது தெரிந்தது தமிழ்நாட்டில்தானே’ என்றார்கள். குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. தாங்கள் அறியாததல்ல. அதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நான் அதைக் காட்டியாவது பேசியிருப்பேன்.

தமிழில் எழுதிக் கொண்டுபோன மனுவை மலையாளத்தில் எழுதி வரச் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. திருடன் கையில் கைப்பேசி இருக்கும் நேரத்தில் எழுதிக் கொடுக்க ஆள் தேடி அலைந்தோம்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், கைப்பேசிக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கிவிடலாம் என்பது உண்மைதான். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விண்ணப்பத்துக்குப் புகாரின் நகல் வேண்டும். அதே எண்ணில் மாற்று சிம் வாங்க வேண்டும், ஏனென்றால் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். மாற்று சிம்மில் குறுஞ்செய்தி இயங்க 24 மணி நேரம் வரை ஆகும். இதில் சில நிமிடம் எங்கே இருக்கிறது? பில்லைக் காட்டச் சொன்னபோது எடுத்துப் பார்த்தால், கடைக்காரர் தந்த வழவழப்பான தாளில் எழுத்தெல்லாம் வெளுத்து, தேதிகூடத் தெரியவில்லை. பரணில் கிடந்த காலிப் பெட்டியின் ஒட்டுத்தாளில் இருந்த 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்தான் எங்களைக் காப்பாற்றியது.

இத்தகைய கட்டுரைகள் மீது எனக்குப் பழைய மனக்குறை ஒன்றும் உண்டு. திரைப்பூட்டைப் பற்றி ஒவ்வொரு முறையும் எழுதுகிறீர்கள். சிம் பூட்டைப் பற்றி ஒருமுறையும் எழுதியதில்லை. திரைப்பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டால் வங்கியின் ஓ.டி.பி. அதில் வந்து விழும். சிம்முக்கென்று தனியாக ஒரு பின் எண் வைத்துவிட்டால், மூன்று முறை தவறாக அழுத்தியதும் அது பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனம் தரும் பி.யு.கே. என்ற திறப்பு எண் இல்லாமல் திறக்காது. எங்கள் ஊரில் கைப்பேசி உறைக்குள்ளேயே ஏ.டி.எம். அட்டையைச் செருகி வைப்பவர்கள் எத்தனையோ பேர். சிம்மும் அட்டையும் ஒன்றாகப் போனால் கணக்கில் மிஞ்சுவது என்ன?

தொலைந்த கைப்பேசியைத் தேட, ‘வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் கூகுளின் ஃபைண்ட் ஹப் பக்கத்தைத் திறந்து’ என்றும் கட்டுரை சொல்கிறது. மடிக்கணினி உள்ள வீடுகளை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனின் கைப்பேசியில் திறந்தோம். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான எண் தொலைந்த கைப்பேசிக்கே போயிற்று. கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் வரவு செலவுப் படங்களும் என் மாமியாரின் கடைசிப் படங்களும் அதோடு போயின. என் மனைவி பணத்துக்காக அழவில்லை.

தங்களிடம் நான் கேட்பது ஒரு சிறு கட்டம்தான். முதலில் வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் தெரிவித்து முடக்குவது (வங்கிக்குச் சொன்ன பிறகு நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு அறிவுறுத்தல்), பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பது, பிறகு காவல் நிலையம், மாற்று சிம், சஞ்சார் சாத்தி என்று வரிசையாகவும், *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு வெற்றிடம் விட்டும், வெட்டி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டும் அளவில் அடுத்த இதழில் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்