குயிட்டோவுக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நின்றுபோன டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈக்வடாரின் குயிட்டோ போட்டிக்கு ஒரே ஒரு வரி. மலைமேல் இருக்கிற, காற்று லேசான ஊர் என்பதால் யார் யாரோ கோப்பை வாங்கிப் போனார்களாம்.

அந்த 'யாரோ'வின் பெயர் விக்டர் எஸ்ட்ரெயா பர்கோஸ். டொமினிகன் குடியரசுக்காரர். 2015, 2016, 2017 என மூன்று வருடமும் அவர்தான் சாம்பியன். முதல் பட்டம் வாங்கும்போது வயது 34. அவர் நாட்டில் அதற்கு முன் யாரும் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சுற்று) ஒற்றையர் பட்டம் வாங்கியதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

காற்று லேசானால் பந்து விர்ரென்று போகும். அது நெட்டையாக நின்று சர்வீஸ் போடுகிறவருக்குத்தான் லாபம். 2015 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற ஃபெலிசியானோ லோபஸ் அப்படிப்பட்டவர். எஸ்ட்ரெயாவோ ஆறடிக்கு ரொம்பக் கீழே. காற்றுதான் கோப்பை கொடுத்தது என்றால் லோபஸுக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்? கடைசியான மூன்றாவது செட்டில், 6-6 சமநிலையைத் தீர்க்கிற டைபிரேக் வரை போராடித் தோற்றார் மனிதர்.

நான் ஊட்டியில் வேலை பார்த்தபோது களிமண் கோர்ட்டில் ஆடியிருக்கிறேன். கோயம்புத்தூரில் கோட்டுக்குள் விழுகிற அதே அடி, அங்கே நேராகப் பின்னால் வேலிக்கம்பியில் போய் இடிக்கும். "மட்டை நரம்பை இன்னும் இறுக்குங்க சார்" என்பார் மார்க்கர் (கோர்ட்டில் கூட ஆடிப் பழக்குகிறவர்). இறுக்கினால் தோள் வலிக்கும். பந்தை நாலு தடவை சேர்ந்தாற்போல் மாறி மாறி அடித்தாலே முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்க வேண்டும். குயிட்டோவை ஒட்டி, போட்டி நடந்த கும்பயாவும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். அங்கே முப்பத்தாறு வயதில் மூன்றாவது கோப்பை! கட்டுரையாளர் ஒருநாள் மலையேறி ஆடிப் பார்த்துவிட்டு எழுதலாம்.

ஈக்வடார் என்றாலே இளக்காரம் போலிருக்கிறது. 1990 பிரெஞ்சு ஓபனில் அகாசியைத் தோற்கடித்த ஆந்த்ரேஸ் கோமஸ் எந்த ஊர்க்காரர்? சரி, அது தூரத்து நாடு. 1997 முதல் 2017 வரை நம் நுங்கம்பாக்கத்தில் நடந்த போட்டி புனேவுக்குப் போனபோது என்ன செய்தீர்கள்? ராசிபலனுக்குக் கீழே ஒரு பெட்டிச் செய்தி. அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. குயிட்டோவும் 2018-ஓடு சரி. அதன் இடத்துக்கு வந்த அர்ஜென்டினாவின் கோர்டோபாவும் 2024-ஓடு நின்றுவிட்டது. இதுவும் கட்டுரையில் இல்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சின்னப் போட்டிகளின் இறுதி ஆட்ட முடிவையாவது செட் வாரியாகப் போடுங்கள். "எளிதில் வென்றார்" என்று டைபிரேக் ஆட்டத்துக்கும் எழுதாதீர்கள். இடம் இல்லையென்றால் சுடோகுவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கோயம்புத்தூர்