மார்வின் கேயின் 'ஹியர், மை டியர்': ஜீவனாம்சக் கதைக்கு அப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'ஹியர், மை டியர்' ஆல்பத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டது. மனைவிக்குப் பணம் கொடுப்பதற்காக வேண்டுமென்றே மோசமாகப் போட்ட ஆல்பம், அதனால்தான் 1978-இல் விமர்சகர்கள் ஒதுக்கினார்கள் என்கிறது கட்டுரை. முன்பாதி அரைகுறை. பின்பாதி காரணத்தையே தவறான இடத்தில் தேடுகிறது.

பண விஷயம் இது. கேயின் மனைவி அன்னா, கேயின் ஆல்பங்களை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் பெரி கோர்டியின் அக்கா. கணவரைவிட 17 வயது மூத்தவர். விவாகரத்து நடந்தபோது ஜீவனாம்சம் கட்டக் கேயிடம் பணமில்லை. அவருடைய வழக்கறிஞர் கர்டிஸ் ஷா ஒரு வழி சொன்னார்: அடுத்த ஆல்பத்திலிருந்து மொத்தம் 6 லட்சம் டாலரை அன்னாவுக்குக் கொடுத்துவிடலாம். அதில் 3,05,000 டாலர் ஆல்பத்துக்காகக் கேக்கு வரவேண்டிய முன்பணத்திலிருந்து, மீதி 2,95,000 ஆல்பத்தின் வருவாயிலிருந்து. ஆல்பம் எவ்வளவு நன்றாக விற்றாலும் முதலில் பலன் மனைவிக்குத்தான் என்பதால், ஏனோதானோவென்று எதையாவது பாடிக் கொடுத்துவிடலாம் என்று கே நினைத்தது உண்மைதான். பிற்பாடு அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் வேலையில் இறங்கிய பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை. அதற்கு ஒலிப்பதிவே சாட்சி.

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தன் சொந்த ஸ்டூடியோவில், ஒலிப்பதிவாளர் ஆர்ட் ஸ்டூவர்ட்டோடு பதிந்த ஆல்பம் இது. முன்னால் கேட்கும் குரல் கேயுடையது. பின்னால் தாங்கிப் பிடிக்கும் குரல்களும் பெரும்பாலும் அவருடையவையே, ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே பதிந்தவை. ஹெட்ஃபோனில் 'ஐ மெட் எ லிட்டில் கேர்ள்' கேட்டால் இது விளங்கும். 1950-களின் டூ-வாப் குழுக்கள் நான்கைந்து பேராக நின்று பாடிய பாணி அது. கேயும் தொடக்க காலத்தில் மூன்க்ளோஸ் என்ற அத்தகைய குழுவில் பாடியவர்தான். அந்தக் குழு வேலையை இங்கே ஒற்றை ஆளாகச் செய்கிறார். இப்படி அடுக்கும்போது ஒரு குரலின் சுருதியோ, சொல் முடியும் இடமோ சற்று விலகினாலும் மொத்தமும் கலங்கிவிடும். கடனுக்குப் பாடுகிறவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார்.

அப்படியானால் விமர்சகர்கள் ஏன் சுணங்கினார்கள்? ஆல்பத்தின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். அதன் மையப் பாடல் 'வென் டிட் யூ ஸ்டாப் லவ்விங் மீ, வென் டிட் ஐ ஸ்டாப் லவ்விங் யூ', 6 நிமிடம் 17 விநாடி. அதில் திரும்பி வரும் பல்லவி கிடையாது. சரணத்துக்கு மேல் சரணமாகக் குற்றச்சாட்டு, நினைவு, கெஞ்சல் என்று போய்க்கொண்டே இருக்கும். வானொலிக்கு வேண்டியது மூன்று, நான்கு நிமிடம். முதல் நிமிடத்திலேயே மனதில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி. இந்த ஆல்பத்துக்கு முந்தைய ஆண்டுதான் 'காட் டு கிவ் இட் அப்' என்ற நடனப் பாட்டால் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார் கே. டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த அந்த நேரத்தில் 73 நிமிட இரட்டை ஆல்பத்தில் வக்கீல் கட்டணமும் நீதிமன்றமும் பாட்டாக வந்தால் திகைப்புதான் மிஞ்சும். விசித்திரம், தன்னைப் பற்றியே புலம்பல் என்றெல்லாம் எழுதினார்கள். மோட்டவுன் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக வெளியிட்ட 'எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்' இந்த விவாகரத்துக் கதையோடு அதிகம் ஒட்டாத விண்வெளிக் கற்பனை. அதுவும் அமெரிக்காவின் சோல் பாடல் பட்டியலில் 23-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. எல்லா வகை ஆல்பங்களுக்குமான பொதுப் பட்டியலில் இது 26-ஆம் இடம். ஆனால் சோல் ஆல்பங்களின் பட்டியலில் 4-ஆம் இடம் வரை வந்தது. எல்லோரும் நிராகரித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த 4-ஐ ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அன்றைய விமர்சகர்கள் சொன்னதில் பாதியாவது சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'எவ்ரிபடி நீட்ஸ் லவ்' இடத்தை நிரப்ப வைத்த பாட்டு. மையப் பாடல் பாட்டில்லாமல் வாத்தியமாக மறுபடி 6 நிமிடம் ஓடுவது பொறுமையைச் சோதிக்கும். இது ஒரு தரப்பு வாக்குமூலம் மட்டுமே. அன்னாவின் பதிலுக்கு இதில் இடமே இல்லை. தன் அந்தரங்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததற்காக வழக்குப் போடவும் அவர் யோசித்தார், போடவில்லை. அட்டையின் உட்புறப் படத்தையும் பாருங்கள்: மோனோப்பொலி போன்ற ஒரு விளையாட்டுப் பலகை, அதன் குறுக்கே ஓர் ஆணின் கை பெண்ணின் கையிடம் இசைத்தட்டை நீட்டுகிறது. குத்தல் என்றால் இதுதான் குத்தல்.

பின்னால் மதிப்பு உயர்ந்த கதையையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்வது நல்லது. 1994-இல் சி.டி.யாக மறுவெளியீடு வந்தது. 2008-இல் கூடுதல் தட்டோடு விரிவான பதிப்பு. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் சிறந்த 500 ஆல்பங்களில் 2003-இல் 462-ஆம் இடம், 2012-இல் 456, 2020-இல் 493. அதே 2020 பட்டியலில் முதலிடம் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்துக்கு. ஆகவே இதை 'புரிந்துகொள்ளப்படாத மாபெரும் படைப்பு' என்று தலையில் தூக்கிவைக்கவும் தேவையில்லை.

கேட்கும் முறையும் மதிப்பீட்டை மாற்றும். மூலத்தில் இது இரண்டு எல்.பி. (பெரிய இசைத்தட்டு), நான்கு பக்கம், பக்கத்துக்கு 17 முதல் 19 நிமிடம். எல்.பி.யில் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்தைத் தாண்டித் திணித்தால் கோடுகள் நெருங்கி ஒலியின் அளவைக் குறைக்க வேண்டிவரும். இந்த ஆல்பத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வாத்திய வடிவம் மூன்றாம் பக்கத்தின் கடைசியில் வருகிறது. 'அன்னாஸ் சாங்' பாட்டில் அன்னாவின் பெயரைச் சொல்லிக் கே கதறி முடித்த பிறகு வரும் ஓய்வு அது. அதன் பின் நாம் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவோம். சி.டி.யில் அந்த இடைவெளி போய்விட்டது: ஆறு நிமிட வாத்தியம் முடிந்த கையோடு 'எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்' எட்டு நிமிடத்துக்குத் தொடங்கிவிடும். அலைபேசிச் செயலியில் வரிசை கலைந்து ஓடினால் நிலைமை இன்னும் மோசம். கடைசியில் 47 விநாடிக்கு மையப் பாடல் எட்டிப் பார்ப்பது எதற்கென்றே தெரியாது. புதிதாகக் கேட்பவர்கள் வரிசையை மாற்றாமல், மூன்றாம் பக்கம் முடிந்ததும் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் போதும்.

இனி பழைய ஆல்பங்களைப் பற்றி எழுதும்போது பக்கவாரியாகப் பாடல் வரிசையையும் நேர அளவையும் ஓரத்தில் அச்சிட வேண்டுகிறேன். இந்த ஆல்பத்துக்கு அது 14 வரிதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்