அந்தப் பெண்ணின் கால் கட்டைவிரல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் வந்த ஆதி உழவர்கள் கட்டுரையைப் பேத்திக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மனிதன் விதைக்கக் கற்றானாம், வயிறு நிறைந்ததாம், நிறைய ஓய்வு கிடைத்ததாம், பெண்கள் வீட்டிலிருந்தபடி சமையலைக் கவனித்துக்கொண்டார்களாம். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஆதி உழவர்கள் வாழ்ந்த, சிரியாவின் அபு ஹுரைரா என்ற ஊரைப் பற்றித் தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? யூப்ரடீஸ் ஆற்றில் அணை கட்டி ஊர் மூழ்குவதற்கு முன், 1972, 73-இல் தொல்லியலாளர் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசர அவசரமாகத் தோண்டிய இடம். இப்போது அசாத் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த தேயா மொல்லெசன் என்ற அம்மையார் 1994-லேயே எழுதிவிட்டார். கால் கட்டைவிரல் மூட்டு தேய்ந்திருக்கிறது, முழங்கால் உருமாறியிருக்கிறது, கீழ்முதுகு நைந்திருக்கிறது. தரையில் கிடத்திய கல்லுக்கு முன் முழந்தாளிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, இரு கையாலும் குழவியை முன்னும் பின்னும் தள்ளித் தினமும் தானியம் அரைத்ததன் பலன். இப்படித் தேய்ந்தவை பெரும்பாலும் பெண்களின் எலும்புகள். மாவோடு கல்பொடியும் வாய்க்குள் போனதால் பல்லும் போயிற்று. சிலருடைய பல்லில் பள்ளமே விழுந்திருந்ததாம், கூடை முடைய நாரைக் கடித்து இழுத்து இழுத்து. தங்கள் கட்டுரையாளர் சொல்லும் ஓய்வு இதுதான் போலிருக்கிறது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. ஊருக்கு மாவு மில் வரும்வரை எங்கள் வீட்டில் ராகிக்கல்தான். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடித்து, விடியுமுன் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தக் களி ஒரு வேளைக்கு வரும்; மறுநாள் மறுபடியும் கல். அறுபது வயதில் அம்மாவால் தரையிலிருந்து தானாக எழ முடியவில்லை. மருத்துவமனையில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார்கள். "வீட்டில்தான் இருந்தேங்க" என்றார் அம்மா. சீட்டில் 'வேலை இல்லை' என்று எழுதினார்கள்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்பு தங்கள் பொங்கல் மலரில், அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலத்தில் பெண்களுக்கு மூட்டுவலியே கிடையாது, அதுவே உடற்பயிற்சி என்று ஒரு ஐயா எழுதியிருந்தார். அவர் எத்தனை படி மாவு ஆட்டினார் என்று கேட்டு அப்போதே கடிதம் போட்டேன். வெளியாகவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும். அதே வாரம் ஒரு நகைக்கடைக்கு நான்கு பக்கம் இடம் இருந்தது.

சென்ற இதழின் உழவர் கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கற்கால வீட்டு வாசலில் மக்காச்சோளக் கதிரும் சிவப்பு மிளகாயும் காய்கின்றன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492-இல் அங்கே போன பிறகுதான் இந்தப் பக்கம் வந்தன. ஓவியருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். நம் திருப்பத்தூர் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் பயிரிட்ட கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தனவே, அவற்றையாவது காயப் போட்டிருக்கலாம். கொள்ளை வறுத்துக் கல்லில் உடைத்துப் பார்த்தவர் ஒருவராவது தங்கள் அலுவலகத்தில் இருக்கிறாரா?

திருத்தம் போடுங்கள் என்று கேட்கவில்லை. போட மாட்டீர்கள் என்று முப்பது வருடச் சந்தாவில் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தை மறுபடி எங்காவது பயன்படுத்தினால், மிளகாயை எடுத்துவிடுங்கள். கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்ணை முழந்தாளிட வையுங்கள். கால் கட்டைவிரல் மடங்கியிருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருப்பத்தூர் மாவட்டம்.