பாதீட்டுக்கு முன் மதகுகளைப் பார்ப்போம்

உறவுகளே, வெள்ளத்தையும் வறட்சியையும் சமாளிக்கும் காலநிலைத் திட்டம் பிரதேச சபையில் அறிக்கையாக இருந்தால் போதாது. அடுத்த ஆண்டுப் பாதீட்டில் அதற்குக் காசு ஒதுக்க வேணும். உள்ளூர் வீதியும் வடிகாலும் பிரதேச சபையின் பொறுப்பு. சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம், இரணைமடு போன்ற பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். மூன்று தரப்பும் ஒன்றாக இருந்து பேசினால்தான் வேலை நடக்கும்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கை மதகின் வாயைப் பொலித்தீனும் பனையோலையும் அடைத்து, முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணி நின்றது. மண்வெட்டியால் இழுத்து இழுத்துக் கை கொப்பளித்துப் போச்சு.

அடைபட்ட மதகு, தூர்ந்த வாய்க்கால் எங்கே கண்டாலும் படம் எடுத்து, வட்டாரப் பெயரோடு ஞாயிறுக்குள் இங்கே போடுங்கள். சபை உறுப்பினரிடம் எழுத்தில் கொடுப்போம். அப்புறம், கோடையில் கிணறு வற்றிய வீடுகளையும் மறக்காமல் சேருங்கள்.