ஆய்வு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தரும் நேரத்தில் மாணவர்கள் பதறிக் கேட்கும் கேள்வி, "சிமிலாரிட்டி எத்தனை சதவீதம்?" என்பதுதான். ஏட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்ற அளவு அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பிறர் எழுதியதைப் படித்துத் தன் சொற்களில் ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி என்று மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை.

ஆய்வு மாணவர்கள் படித்தாக வேண்டிய 'ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள்' தாளுக்கு 2 கிரெடிட், 30 மணி நேரம். தத்துவமும் அறமும், ஆய்வு ஒழுக்கம், வெளியீட்டு நெறி, திறந்தநிலை வெளியீடு, வெளியீட்டு முறைகேடு, தரவுத்தளங்களும் அளவீடுகளும் என்று ஆறு அலகுகள். ஒரு பத்தியை எழுதிப் பழக அவற்றில் ஓர் அலகு இல்லை.

அதனால் மாணவர்கள் சொல்லை மாற்றித்தரும் மென்பொருளிடம் போகிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2021இல் வெளிச்சம்போட்டுக் காட்டினார்கள். அச்சான கட்டுரைகளில் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' (செயற்கை நுண்ணறிவு) என்பது 'கவுன்ட்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வுநிலை) ஆகியிருந்தது. 'பிரெஸ்ட் கேன்சர்' (மார்பகப் புற்றுநோய்) என்பது 'பூசம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆகியிருந்தது. கலைச்சொல்லை ஒருபோதும் மாற்றக் கூடாது. மாற்றத் தேவையும் இல்லை. பொதுவாக அறிந்த செய்தியிலோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் அதே 2018 விதிகள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அப்படியே. இது தெரியாமல் நல்ல மேற்கோளையும் பயந்து நீக்கிவிடுகிறார்கள்.

சொல்லை மட்டும் மாற்றினால் வாக்கியத்தின் எலும்புக்கூடு மூலத்தினுடையதாகவே இருக்கும். செய்ய வேண்டியது வேறு. மூலப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு மூடி வையுங்கள். அது சொல்வதை இரண்டு மூன்று வரியில் தமிழில் எழுதி, பக்கத்திலேயே ஆசிரியர், ஆண்டு, பக்க எண் குறியுங்கள். (அப்போதே குறிக்காத பக்க எண்ணை ஆய்வேடு முடியும் நேரத்தில் தேடி அலைய வேண்டியிருக்கும்.) அரை நாள் போகட்டும். பிறகு தமிழ்க் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசியில் மூலத்தைத் திறந்து எண்கள், கலைச்சொற்கள், ஆசிரியர் சொன்னதும் நாம் சொன்னதும் ஒன்றுதானா என்பது ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். தமிழ் வழியாகப் போகும்போது மூலத்தின் வாக்கிய அமைப்பு உதிர்ந்துவிடுகிறது. இந்த முறை பலிப்பது அதனால்தான். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக நினைத்துக் கூசும் மாணவருக்கு அந்தத் தமிழே இங்கே கருவி. ஆனால் எத்தனை சொந்தமாக எழுதினாலும் யாரிடமிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அதுவும் திருட்டுதான்; மொழிபெயர்த்து எடுத்தாலும் திருட்டுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதற்கு முன் எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அருகருகே வந்துவிட வேண்டும். 'நுண்ணோக்கியைப் பயன்படுத்தி பாக்டீரியாக்கள் எண்ணப்பட்டன' என்பது தமிழில் உறுத்தாது. அதையே 'யூஸிங் எ மைக்ரோஸ்கோப், த பாக்டீரியா வேர் கவுன்ட்டட்' என்று எழுதினால் பாக்டீரியாவே நுண்ணோக்கியைப் பயன்படுத்தியதாகப் பொருள்படும். யார் எண்ணினார்கள் என்று எழுவாயைச் சொல்லிவிட்டால் பிழை தீரும்: 'வீ கவுன்ட்டட் த பாக்டீரியா அண்டர் எ மைக்ரோஸ்கோப்'. ஒரு வாக்கியம் 25 சொற்களைத் தாண்டினால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். 'ரிசர்ச்சஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று பன்மை போடுவதை ஒரே நாளில் நிறுத்திவிடலாம். 'எ', 'த' இரண்டும் கைவர நாளாகும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பத்திக்கு ஒரு கருத்து போதும். முதல் வாக்கியத்தில் கருத்து, அடுத்து அதற்கான சான்று, அதன்பின் அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம். மொத்தம் 120 முதல் 180 சொல். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த விளக்கம்தான். இயல் முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக நகலெடுத்து வரிசையாகப் படியுங்கள். வாதம் தொடர்ந்து வராத இடத்தில் பத்தி இடம்மாறியிருக்கிறது, அல்லது ஒரு பத்தியில் இரண்டு கருத்துகள் புகுந்திருக்கின்றன.

முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் முன்னாய்வு இயலின் பெருங்குறை, 'இன்னார் 2012இல் இப்படிச் சொன்னார், இன்னார் 2015இல் அப்படிச் சொன்னார்' என்ற வருகைப்பதிவு. ஓர் அட்டவணை போடுங்கள்: கேள்வி, முறை, எத்தனை பேரிடம், முடிவு, விட்டுப்போனது என ஐந்து நெடுவரிசை. ஒரு கட்டுரைக்கு ஒரு கிடைவரிசை. நிரப்பியபின் மேலிருந்து கீழாகப் படித்தால் யார் யார் ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்பது கண்ணில் படும். இயலை அந்த முரண்களின்படி பிரித்து எழுத வேண்டும். நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில்) 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு' ஒன்று; இருவர் மாறுபட்டுச் சொன்னால் ஒரு பக்கத்தைத் தேர்ந்து துணிவது அது. ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாகக் கேட்பதும் இதைத்தான். இந்த மரபை ஆங்கில வகுப்பில் யாரும் எடுத்துச்சொல்வதில்லை என்பது எங்களுக்கு மனவருத்தம்.

ஒரே மாவட்டத்தில் 200 பேரிடம் கேட்டுவிட்டு 'ப்ரூவ்ஸ்' (நிரூபிக்கிறது) என்று எழுதக் கூடாது. 'சஜஸ்ட்ஸ்', 'மே' போதும். தமிழில் '-லாம்' செய்யும் வேலைதான் அது. ஆய்வுச் சுருக்கத்தை 250 சொல்லுக்குள், எல்லாம் முடிந்தபின் எழுதுங்கள். முடிவுகளை எண்ணோடு சொல்லுங்கள்.

பாடத்திட்டக் குழுக்களிடம் எங்கள் கோரிக்கை இது. ஆய்வு மாணவர்கள் தொடக்கத்தில் படிக்கும் கோர்ஸ் ஒர்க்கின் முதல் பருவத்தில் வாரம் ஒரு பத்தி, 150 சொல். 15 வாரத்தில் 15 பத்தி. நெறியாளர் ஒரு வாரத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் குறிக்கட்டும்: முதல் மூன்று வாரம் பத்தியின் முதல் வாக்கியம், அடுத்த மூன்று வாரம் சான்றும் விளக்கமும், பிறகு மேற்கோள் குறிப்பு, இலக்கணம் கடைசியில். பக்கம் முழுக்கச் சிவப்பு மை அடித்தால் எதை முதலில் திருத்துவது என்று மாணவருக்குத் தெரியாமல் போகும். மறு வாரம் அதே பத்தியைத் திருத்தி எழுதித் தந்தபின்தான் மதிப்பெண்.

இப்படிக்கு,
ஆய்வு எழுத்துப் பயிற்றுநர்கள்,
திருச்சிராப்பள்ளி.